ஊசிச்செடி பூத்த பிறகு

தேயிலைக்காரர்களுக்குப் பூ என்றால் ஆகாது. சாமிக்கு மாலை, கல்யாண வீட்டுக்குச் சரம் என்பதெல்லாம் வேறு விஷயம். மலையில், செடியில் பூ கண்ணில் பட்டால் கங்காணிக்கு முகம் கோணிப்போகும். தேயிலை பூத்தால் அதை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். வேளாவேளைக்குக் கொழுந்து எடுத்து, காலத்துக்குக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டி, ஆள் கை பட்டுக்கொண்டே இருக்கிற செடிக்குப் பூக்க நேரமேது? கேட்பாரற்றுக் கிடக்கிற செடிதான் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டு நிற்கும்.

அதனால்தான், மயானத்தில் புருஷன் அழகனின் தலைமாட்டில் நின்ற ஊசிச்செடி உச்சியிலிருந்து ஒரு தண்டை நீட்டியபோது பூரணிக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் என்ன குறை வைத்தேன் என்றுதான் முதலில் தோன்றியது. வாரம் தவறாமல் வந்து பார்க்கிற செடிக்கு இது என்ன கேடு என்று சுற்றிச் சுற்றி வந்தாள். மறுவாரம் வந்தபோது தண்டு அவள் தலைக்கு மேலே போயிருந்தது. அதற்கடுத்த வாரம் அதில் பாலாடை நிறத்தில் மணி மணியாகப் பூ தொங்கியது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பூரணிக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

வட்டவளைக்கு மேலே, மூணாங்கட்டைத் தோட்டத்தில், கீழ்ப்பிரிவு லயத்தின் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா பூரணியுடையது. அடுத்த காம்பரா பூட்டிக் கிடந்தது. அதற்கு அடுத்ததும் பூட்டித்தான் கிடந்தது. அங்கே இருந்தவர்களெல்லாம் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குப் போய்விட்டார்கள், தீபாவளிக்கு வந்தால் உண்டு. ராத்திரியில் பூரணி இருமினால் அவளுக்கே திருப்பிக் கேட்கும். மகள் பிரியந்தி ராகலையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மருமகனுக்கு உருளைக்கிழங்கு, லீக்ஸ் தோட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் எடுப்பாள். "சாப்பிட்டீங்களாம்மா, உடம்பு எப்படிம்மா" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்பாள். அந்த மரியாதைதான் பூரணிக்குத் தாங்காது. எட்டு வயதில் மகளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போன பூரணி, பிள்ளை பெரியவளான பிறகு திரும்பி வந்தாள். நடுவில் வந்த கோபமெல்லாம் சித்தியிடமே செலவாகிப்போயிருந்தது. அம்மாவுக்கு மிச்சமிருந்தது மரியாதை மட்டும்.

அழகன் செத்தது பூரணி குவைத்தில் இருந்தபோது. பெயர்தான் அழகன். முன்பல் இரண்டும் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். சம்பளத்தன்று மட்டும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்து, அன்றைக்கும் பேசாமல் படுத்துக்கொள்வார். ஒருநாள் காலையில் பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிடும்போதே, நின்ற இடத்தில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. செய்தி குவைத்துக்குப் போனபோது பூரணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார மேடம் கூட அழுதாள், அது உண்மைதான். ஆனால் கடவுச்சீட்டைக் கொடுக்கவில்லை. பெருநாள் முடியட்டும் என்றாள். முடிந்ததும், வேறு ஆள் வரட்டும் என்றாள். பூரணி தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மயானத்தில் மானாப்புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது.

கல் வைத்துக் கட்டுகிற வசதி அந்தத் தோட்டத்தில் யாருக்கும் இல்லை. மரக்குச்சி நட்டால் மறுவாரமே யாராவது விறகுக்குப் பிடுங்கிப் போய்விடுவார்கள். செத்தவர் குளிர்காய்வாரா, இருப்பவர்தானே குளிர்காய வேண்டும். ஆகவே குழி மூடியதும் தலைமாட்டில் ஏதாவது ஒரு செடியின் கிளையை ஒடித்து ஊன்றுவது வழக்கம். அதிலும் ஊசிச்செடிக்கு மவுசு. துரை பங்களா வாசலில் வரிசையாக நிற்கிற செடி அது. கிளையை ஒடித்துக் குத்தினால் பிடித்துக்கொள்ளும். நுனி ஊசியாகக் குத்துவதால் மாடு வாய் வைக்காது, விறகு பொறுக்க வருகிறவர்களும் கிட்டே போகமாட்டார்கள். இந்துவுக்கும் சரி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்களுக்கும் சரி, கடைசி அடையாளம் துரை வீட்டுச் செடிதான்.

பூரணி வந்து சேர்ந்த அன்றைக்குக் கொழுந்தன் மாயாண்டிதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அழகனுக்கு இளையவர், கவ்வாத்து வெட்டுகிறவர். சரிவுக்கு மேலே நின்றபடி கையை நீட்டி, "அந்தா, ஊசிச்செடி நிக்கிது பாருங்க அண்ணி. அதுக்கு அடியிலதான் அண்ணன்" என்றார். அந்தப் பக்கத்தில் நின்றது அது ஒன்றுதான். அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக, ஞாயிறு காலையில் தலை முழுகிவிட்டு ஒரு செம்புத் தண்ணீரோடு பூரணி அங்கே போய்விடுவாள். மழை, பனி, காய்ச்சல், எதுவும் தடுத்ததில்லை.

போய் என்ன செய்வாள்? ஏசுவாள். அழுவதற்குப் போகிறாள் என்றுதான் லயத்தில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் உயிரோடிருந்தபோது ஏறிட்டு ஒரு வார்த்தை சொல்லாதவள், செடியடியில் குந்தியதும் பிடித்துக்கொள்வாள். கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்ற ஆளில்லை, உங்களுக்கென்ன படுத்துவிட்டீர்கள். மகள் என்னை யாரோ மாதிரிப் பார்க்கிறாள், எல்லாம் நீங்கள் கொடுத்த இடம். ஒரு ஆறு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் நான் வந்திருக்கமாட்டேனா, அதற்குள் என்ன அவசரம், குடிகாரப் பாவி. இப்படியே அரைமணி நேரம். ஏசி முடித்ததும் செம்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவாள். அந்த வாரம் முழுக்க வேறு யாரோடும் அவள் அவ்வளவு பேசுவதில்லை. பேச ஆளும் இல்லை.

இப்போது அந்தச் செடி பூத்துவிட்டது.

"கத்தாழ பூத்தா செத்துப்போகும்க்கா" என்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்தி சொன்னாள். தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் நின்ற பெரிய கத்தாழை அப்படித்தான் கம்பம் மாதிரி உயர்ந்து பூத்து, மூன்றே மாதத்தில் காய்ந்து சாய்ந்தது என்று இன்னொருத்தி சாட்சி சொன்னாள். ஊசிச்செடியும் கத்தாழை வகைதானே என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவு கட்டினார்கள். பூரணிக்கு அன்றைக்குக் கொழுந்துக் கூடை வழக்கத்தைவிடக் கனத்தது.

செடி போனால் என்ன போகும் என்று அவளுக்குத் தெரியும். மழை கரைத்துக் கரைத்து மேடெல்லாம் சமனாகிவிட்ட சரிவு அது. எங்கே பார்த்தாலும் மானாப்புல். அந்தச் செடி ஒன்று நிற்பதால்தான் அழகன் ஓரிடத்தில் இருக்கிறார். அது காய்ந்து சாய்ந்தால் அவர் எல்லா இடத்திலும் இருப்பார், எந்த இடத்திலும் இருக்கமாட்டார். குழியில் இறக்கும்போது முகம் பார்க்கக் கொடுத்துவைக்காதவளுக்கு மிச்சமிருப்பது அந்த இடம் ஒன்றுதான். அதுவும் போனால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாள்?

மாயாண்டி வந்து பார்த்தார். கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டே வந்திருந்தார். பார்க்கிற எதையும் வெட்டினால் துளிர்க்கும் என்பது அவர் கட்சி.

"முழங்கா ஒசரத்துக்கு ஒரே வெட்டா வெட்டிருவோம் அண்ணி. தேயிலைய நாங்க மொட்டக் கட்டையா விடலையா? மறு மாசமே வெடிச்சு வருதுல்ல."

"இது தேயிலையில்ல தம்பி."

"செடிதானே."

"கத்திய உள்ள வைங்க" என்றாள் பூரணி. அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் கத்தியை வைத்துவிட்டார்.

பங்களா இப்போது ஹோட்டலாகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் வந்து தங்கிவிட்டுப் போகிறார்கள். அங்கே பூந்தோட்டம் பார்க்கிறவன் ஜூட்சன், முப்பது வயசிருக்கும், கோயில் லயத்துக்குக் கீழே மாதா சுருவச் சிலையடியில் குடியிருக்கிறவன். பூரணி வேலை விட்டதும் கூடையைக் கூட இறக்காமல் அவனிடம் ஏறிப் போனாள்.

"ஊசிச்செடியா? யூக்கா அது, சாகாதுங்கக்கா" என்றான் ஜூட்சன். "பூத்த தலை மறுபடி பூக்காது, அது சரிதான். ஆனா பக்கத்துல ரெண்டு மூணு தலை கெளம்பி வரும். பூ வாடட்டும். வாடுனதும் தண்ட மட்டும் அடியோட அறுத்திருங்க. தலையில கைய வச்சிராதீங்க. அப்புறம், கீழ காஞ்ச எலையெல்லாம் பாவாட மாதிரித் தொங்குமே, இருக்கா?"

"தரை வரைக்கும் தொங்குது."

"ஒருநாளும் உரிக்கலையா?"

"நான் என்னத்தக் கண்டேன். அது பாட்டுக்குப் போத்திக்கிட்டு நிக்கிது, குளிருக்கு நல்லதுன்னு விட்டுட்டேன்."

"அதுக்குள்ள ஈரம் நின்னு தண்டு அழுகிரும். உரிச்சு எடுத்திருங்க. நானும் இங்க ஒன்ன அழுக விட்டுட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், ஹோட்டல் தொரை என்னைய உரிச்சிட்டாரு. தண்ணி ஊத்துறீங்களா?"

"வாரா வாரம் ஒரு செம்பு."

ஜூட்சன் சிரித்துவிட்டான். "வட்டவளையில வந்து செடிக்குத் தண்ணி ஊத்துற ஆளு நீங்க ஒருத்தர்தான். வானமே ஊத்துது, அது பத்தாதா."

ஒரு சின்னக் கைவாளைக் கொடுத்துவிட்டான். பூரணி அதை இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். மனசு லேசாகியிருந்தது. சாகாதாம், சாகாதாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பூ உதிர்ந்து தண்டு பழுப்பேறுகிற வரைக்கும் காத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த காலையில், வாளோடு போனாள். தண்டு சுலபமாக அறுபட்டது. அதைத் தூக்கித் தள்ளிப் போட்டுவிட்டு, படங்கைக் கையில் சுற்றிக்கொண்டு காய்ந்த இலைகளில் கை வைத்தாள். சுற்றியிருந்தும் குத்தியது. வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தீங்களா ஒங்க செடியோட புத்திய. ஒங்கள மாதிரியே கிட்ட போனா ஒன்னும் சொல்லாது, குத்த மட்டும் செய்யும். நான் ஒருத்தி இல்லாட்டி இந்நேரம் அழுகி விழுந்திருக்கும். நீங்களும் புல்லுக்குள்ள கெடந்திருப்பீங்க, யாரும் தேடியிருக்கமாட்டாங்க. பொம்பள ஒருத்தி இருக்காளேன்னு..."

இலை அடுக்கடுக்காக வந்தது. மேலே வைக்கோல் நிறம், உள்ளே போகப் போகக் கறுப்பு. பூரான் ஒன்று ஓடியது. முட்டிக்குக் கீழே, கடைசி அடுக்கை இழுத்தபோது கையில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. ஏதோ காய் என்று நினைத்து விரலால் நெருடினாள். காய் இல்லை. நீல மணி. பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. செடியின் கழுத்தைச் சுற்றி மணிகள் பாதி தோலுக்குள் புதைந்து கிடந்தன. மரம் பருத்துப் பருத்து அவற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம் கொஞ்சம் சங்கிலி, அதன் நுனியில் களிம்பேறிப் பச்சையாகிப்போன ஒரு சிலுவை.

செபமாலை.

பூரணி ஏசுவதை நிறுத்திவிட்டாள்.

யாரோ அண்மையில் கட்டியது என்று சொல்லவும் வழியில்லை. ஊன்றிய அன்றைக்கு, அது வெறும் கிளையாக இருந்தபோது, யாரோ கழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதன் மேல்தான் இத்தனை வருஷத்து இலை விழுந்து மூடியிருக்கிறது. அழகனுக்கு யார் செபமாலை போடுவார்கள்? அவர் மாரியம்மன் கோயிலில் தீ மிதித்த ஆள். கொஞ்ச நேரம் அவளுடைய புத்தி வேறு வழி தேடிப் பார்த்தது. நான் இல்லாத காலத்தில் வேதத்தில் சேர்ந்திருப்பாரோ? வாயே திறக்காத மனுஷன், இதையும் சொல்லாமல் இருந்திருப்பாரோ? அப்படி இருந்தால் எவ்வளவு நல்லது என்று கூட நினைத்தாள். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, இந்த இடத்தில் இருந்தால் போதும்.

நேரே மாயாண்டி வீட்டுக்குப் போனாள். அவர் இஸ்தோப்புத் திண்ணையில் குந்திக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒங்கண்ணன் வேதத்துல சேந்தாரா?"

மாயாண்டி சிரித்தார். "யாரு, அண்ணனா? அவரு எங்க சேந்தாரு. என்னா அண்ணி திடீர்னு?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைத் துடைத்தார்.

"அன்னிக்கு ஊத்துன மழையில ஆளுக்காளு கண்ணு தெரியல அண்ணி. குழி மூடுனதும் பங்களாவுல ஒடிச்ச கெளய நாந்தான் ஊனுனேன். அது சத்தியம். அதுக்கப்புறம் நான் அங்குட்டுப் போகல. போக மனசு வரல. நீங்க வந்தப்பறந்தான் போனேன். பாத்தா ஒரு செடிதான் நின்னுச்சு."

"ஒன்னுதான் நின்னுச்சுன்னா?"

"நம்மளுதுதான் புடிச்சிருக்குன்னு நெனச்சேன். எல்லாரும் அதே வரிசையிலதானே ஒடிக்கிறாங்க. நம்மளுது புடிக்காம... வேற யாருதோ புடிச்சு..." அவர் முடிக்கவில்லை. "பொய் சொல்லணும்னு சொல்லல அண்ணி."

அவர் பொய் சொல்லவில்லை என்று பூரணிக்கும் தெரிந்தது. ஏசுவதற்குக் கூட ஆளில்லாமல் போனது அவளுக்கு.

இரண்டு பேருமாகத் திரும்பவும் மயானத்துக்குப் போனார்கள். மாயாண்டி சரிவில் மேலும் கீழும் நடந்தார். இங்கேதான் ஒரு தண்ணீர்க் கான் ஓடியது என்றார். அந்தக் கானைத் தோட்டத்தில் மூடி வேறு பக்கமாக வெட்டிவிட்டார்கள். பாதையிலிருந்து பத்து எட்டு என்றார். அந்தப் பாதையே இப்போது இல்லை. ஓரிடத்தில் நின்று, "இங்கன" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "இல்ல, அந்தா அந்தக் கல்லுக்கிட்ட" என்றார். மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் அவர் ஊசிச்செடிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தணிந்த குரலில் சொன்னார்:

"இதுல பக்கத் தலை வரும்னு ஜூட்சன் சொன்னான்ல. அதுல ஒன்ன ஒடிச்சு, இந்தா, இங்கன ஒரு எடத்துல ஊனிருவோம் அண்ணி. அண்ணனுக்குன்னு இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் பூரணி.

அவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு பூரணி மயானத்துக்குப் போகவில்லை. தலை முழுகினாள், செம்பை எடுத்தாள், திரும்ப வைத்துவிட்டாள். பிரியந்தி போன் எடுத்தபோது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

"பிரியந்தி, ஒங்கப்பா..."

"என்னம்மா?"

பின்னால் லொறி நிற்கிற சத்தமும் மருமகன் மூட்டை எண்ணுகிற சத்தமும் கேட்டன. எங்கோ ஓரிடத்தில் இருக்கிறார் என்ற நம்பிக்கையாவது பிள்ளைக்கு இருக்கட்டும் என்று தோன்றியது.

"ஒன்னுமில்ல. கனவுல வந்தாரு."

"சரிம்மா. உடம்பப் பாத்துக்கங்கம்மா" என்றாள் மகள்.

அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. இடம் தெரியாமல் போனது ஒரு துக்கம் என்றால், பேச ஆள் இல்லாமல் போனது அதைவிடப் பெரிய துக்கமாக இருந்தது. வாரத்தில் நடந்ததெல்லாம் நெஞ்சில் அப்படியே கிடந்தது. தகரத்தில் இன்னொரு ஓட்டை விழுந்தது, புதுக் கங்காணி எடையில் கழிக்கிறான், முழங்கால் வலி ஏறிவிட்டது. இதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? காம்பராவுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். சுவரைப் பார்த்துப் பேசுகிறவளைப் பைத்தியம் என்பார்கள் என்று பயம் வந்து நிறுத்திவிட்டாள். அந்த ராத்திரிகளில் பூரணி தன்னைப் போல் அனாதை இந்த உலகத்தில் கிடையாது என்று நினைத்தாள். நினைத்ததில் பெரிய தவறும் இல்லை.

கைவாளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஜூட்சனிடம் மட்டும் கேட்டாள்.

"நீல மணியா?" ஜூட்சன் யோசித்தான். "எங்க ஆளுங்க யாராவதுதான் இருக்கும்க்கா. அம்மா இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க. அந்தக் காலத்துல இருந்த எங்க குடும்பங்கள்ள பாதி கொழும்புக்குப் போயிருச்சு, பாதி இந்தியாவுக்குப் போயிருச்சு. கல்லறைத் திருநாளுக்குக் கூட அந்தப் பக்கம் யாரும் மெழுகுதிரி கொளுத்தி நான் பாக்கல. நீங்க யாரையாவது பாத்திருக்கீங்களா?"

பூரணி யோசித்துப் பார்த்தாள். ஒன்பது வருஷ ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நாள் கூட, ஒரு ஆள் கூட, அந்தச் செடியடிக்கு வந்து அவள் கண்டதில்லை. பூ வைத்த அடையாளம் கிடையாது. மெழுகு உருகிய கறை கிடையாது. தண்ணீர் ஊற்றியது அவள் ஒருத்திதான்.

"இல்ல" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். செம்பை எடுத்துக்கொள்ளவில்லை, ஜூட்சன் வேண்டாம் என்றிருந்தான். இலை உரித்த செடி கழுத்து நீண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு நிற்பது போல நின்றது. தண்டு அறுத்த இடம் காய்ந்து வடுவாகியிருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே தோலை வெடித்துக்கொண்டு இரண்டு பச்சைத் தலை கிளம்பியிருந்தது. ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவுதான். ஜூட்சன் சொன்னது சரிதான். செடி பிழைத்துக்கொண்டது.

பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வழக்கமாகக் குந்துகிற இடத்தில் குந்தினாள். வாயைத் திறந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் திரும்ப மூடினாள். இத்தனை வருஷமும் குடிகாரன், பாவி என்று விளாசிய இடத்தில் இன்றைக்கு வார்த்தைக்கு மரியாதை தேட வேண்டியிருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீங்க அக்காவோ அண்ணனோ, எனக்குத் தெரியாதுங்க" என்றாள் மெதுவாக. "நான் கீழ்ப்பிரிவு பூரணி. குடிகாரப் பாவின்னு நான் ஏசுனதெல்லாம் ஒங்களயில்ல. ஒங்க தலையில வந்து கொட்டிப்புட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

கீழே ரயில் ஒன்று வட்டவளை ஸ்டேஷனுக்குள் நுழைகிற சத்தம் கேட்டு அடங்கியது. களிம்பேறிய சிலுவையில் ஒட்டியிருந்த மண்ணை விரல் நகத்தால் சுரண்டிவிட்டாள். யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் ஆசையாகப் போட்டது. போட்டவரும் வரவில்லை. வராமல் இருக்க அவருக்கும் ஏதாவது ஒரு மேடம் காரணமாக இருந்திருக்கலாம்.

"ஒங்களுக்கும் ஆளில்ல போல" என்றாள். "நான் வந்துக்கிட்டுத்தான் இருப்பேன். அதுக்காக ஒன்னும் நெனச்சுக்க வேணாம், எனக்கும் போக வேற எடமில்ல."

அப்போதுதான் அழுகை வந்தது. குவைத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வராத அழுகை, ஒன்பது வருஷமாக ஏச்சாகவே வந்துகொண்டிருந்த அழுகை. அவள் அதைத் தடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் சரிவு முழுக்க ஒரே மாதிரி அசைகிற புல்லை ஒரு தடவை பார்த்தாள். பிறகு செடிக்குக் கிட்டே குனிந்து, அடுத்த வீட்டுக்காரரிடம் தகவல் சொல்லி வைக்கிற குரலில் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு இங்கனதாங்க எங்கயோ இருக்காரு. ஒங்களுக்குப் பக்கத்துலதான் இருக்கணும். பேரு அழகன். அவரா வந்து பேசமாட்டாரு, நீங்கதான் கூப்புட்டுப் பேசணும். கண்டீங்கன்னா ஒரு வார்த்த சொல்லிருங்க. பூரணி வந்துட்டான்னு சொல்லுங்க. அவ வந்து ரொம்ப நாளாச்சு, எடந்தெரியாம இங்க குந்தியிருக்கான்னு சொல்லுங்க."